தம்பி வேலை பார்க்கும் கடையில் வாங்காதீர்கள் என்று சொல்லலாமா?

வாசகர் கேள்வி:

கோவையில் ஐ.டி. வேலை, வயது 27. ஒரு வருடமாக வெளிநாட்டு பிராண்டு பாஸ்ட் ஃபுட் கடைகளில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். அவர்களுக்காகக் கோழி வளர்க்கப்படும் விதம், ஆட்களுக்குக் கொடுக்கும் சம்பளம், குழந்தைகளை விளம்பரத்தால் இழுப்பது எதுவுமே எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவிலும் "அங்கே வாங்காதீர்கள்" என்று எழுதி வந்தேன். பொரித்த கோழியில் புழு நெளியும் ஒரு படத்தையும் போட்டேன். அது நம் ஊரில் எடுத்ததே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. இதற்கிடையில் பி.காம். கடைசி வருடம் படிக்கும் என் தம்பி, ஃபீஸை நான் கட்டுகிறேன் என்று சொல்லியும் கேட்காமல், அதே பிராண்டு கடை ஒன்றில் மாலை ஷிஃப்டுக்குச் சேர்ந்துவிட்டான். கீழ் வீட்டு ஆன்ட்டி லிஃப்டில் அவனிடம், "உங்க அக்கா யாரும் சாப்பிடாதீங்கங்கறா, நீ அங்கேயே வேலை பார்க்கிறியாமே" என்று கேட்டிருக்கிறார். மூன்று வாரமாக அவன் என்னோடு பேசுவதில்லை. ஆபீஸிலோ "நீ ஒருத்தி சாப்பிடலைன்னா கம்பெனி மூடிடுமா" என்கிறார்கள். நான் செய்வது தப்பா? சட்டப்படி எனக்கு ஏதாவது பிரச்சினை வருமா? (பெயர் வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அது இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை. அந்தப் புழுப் படத்தை எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள், அதே குழுவில், "நான் போட்ட படம் தவறு, நம் ஊர்க் கடையில் எடுத்தது இல்லை, விசாரிக்காமல் போட்டுவிட்டேன், மன்னிக்கவும்" என்று எழுதுங்கள். பாரதிய நியாய சன்ஹிதா என்ற நம் குற்றவியல் சட்டத்தின் 356ஆவது பிரிவில் அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடம் இருக்கிறது. சொன்னது உண்மை, பொதுநன்மைக்காகச் சொன்னேன் என்று காட்ட முடிந்தால் அது குற்றமாகாது. ஆனால் நீங்கள் போட்டது உண்மையில்லையே. ஒரு அபார்ட்மென்ட் குழுவில் வந்த ஃபார்வர்டுக்காகப் பெரிய நிறுவனம் ஒன்று கோர்ட்டுக்கு வருவது அபூர்வம், அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நான் எடுக்கச் சொல்வது வழக்குக்குப் பயந்து இல்லை. அந்தச் சமையலறையில் நின்று கோழியை மாவில் புரட்டிப் பொரிக்கிறவர்களில் ஒருவன் உங்கள் தம்பி. படத்தைப் பார்த்தவர்களில் யாரும் எங்கோ இருக்கிற முதலாளியை நினைத்திருக்க மாட்டார்கள், லிஃப்டில் எதிரே நின்ற பையனைத்தான் நினைத்திருப்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கோழி வளர்ப்பு, சம்பளம், குழந்தைகளுக்கான விளம்பரம் என்று நீங்கள் சொல்லும் மூன்று புகார்களுமே ஆதாரத்தோடு பேசக்கூடியவை. அவற்றோடு ஒரு பொய்ப் படத்தைச் சேர்த்தால் கேட்கிறவர் மூன்றையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுவார். லண்டனில் நடந்த ஒரு வழக்கை உங்களுக்குச் சொல்ல வேண்டும், நுகர்வோர் வழக்குகள் நடத்துகிற என்னைப் போன்றவர்களுக்கு அது பாடப்புத்தகம் மாதிரி.

1986இல் லண்டன் கிரீன்பீஸ் என்ற சின்னக் குழு (உலகம் முழுக்கத் தெரிந்த கிரீன்பீஸ் வேறு, இது வேறு) மெக்டொனால்ட்ஸைக் கண்டித்து ஒரு துண்டறிக்கை போட்டுத் தெருவில் கொடுத்தது. 1990இல் கம்பெனி ஐந்து பேர் மேல் அவதூறு வழக்குத் தொடுத்தது. மூன்று பேர் மன்னிப்புக் கேட்டு விலகிக்கொண்டார்கள். ஹெலன் ஸ்டீல் என்ற தோட்டவேலை செய்த பெண்ணும் டேவ் மோரிஸ் என்ற முன்னாள் தபால்காரரும் மட்டும் முடியாது என்று நின்றுவிட்டார்கள். அப்போது அந்த நாட்டில் அவதூறு வழக்குக்கு அரசின் இலவச சட்ட உதவி கிடையாது, அதனால் எதிர்ப்பக்கம் பெரிய வக்கீல்கள் உட்கார்ந்திருக்க இவர்கள் இரண்டு பேரும் பெரும்பாலும் தாங்களே வாதாடினார்கள், தாங்களே சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். 1994 ஜூனில் தொடங்கிய விசாரணை முந்நூறு நாட்களுக்கு மேல் நடந்தது. 1997 ஜூன் 19 அன்று வந்த தீர்ப்பில் இருவரும் 60,000 பவுண்டு இழப்பீடு தர வேண்டும் என்று உத்தரவானது. மழைக்காடுகள் அழிவதற்கும் ஏழை நாடுகளின் பசிக்கும் இந்தக் கம்பெனியே பொறுப்பு என்று துண்டறிக்கை சொன்னதை அவர்களால் நிரூபிக்க முடியவில்லை.

ஆனால் அதே நீதிபதி அதே தீர்ப்பில், இந்தக் கம்பெனி விளம்பரங்களின் வழியாகக் குழந்தைகளைத் தன் லாபத்துக்குப் பயன்படுத்துகிறது என்றார். சத்தான உணவு என்று அது செய்த விளம்பரம் உண்மைக்குப் பொருந்தவில்லை என்றார். விலங்குகள் படும் சில கொடுமைகளுக்கு அது பொறுப்பு என்றும், குறைந்த சம்பளத்தால் அந்தத் தொழிலின் கூலியையே கீழே இழுக்கிறது என்றும் எழுதினார். பாருங்கள், உங்கள் மூன்று புகார்களும் அதில் இருக்கின்றன! 1999இல் மேல்முறையீட்டில் தொகை 40,000 பவுண்டாகக் குறைந்தது, அதையும் அவர்கள் கட்டவில்லை, கம்பெனியும் வசூலிக்க வரவில்லை. 2005இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், சட்ட உதவி இல்லாமல் இந்த வழக்கை நடத்த விட்டதன் மூலம் பிரிட்டன் அந்த இருவருக்கும் நியாயமான விசாரணையையும் பேச்சுரிமையையும் மறுத்துவிட்டது என்று சொன்னது. அந்தத் துண்டறிக்கையில் ஆதாரத்தோடு இருந்த வரிகள் கம்பெனியின் பெயரோடு ஒட்டிக்கொண்டு இன்றைக்கும் போகவில்லை. ஆதாரமில்லாத வரிகளுக்குத்தான் அந்த இரண்டு பேரும் தங்கள் வாழ்க்கையில் இத்தனை வருடத்தைக் கொடுத்தார்கள்.

அப்புறம், "நீ ஒருத்தி சாப்பிடலைன்னா" என்ற கேள்வி. மூடாது. நீங்கள் சாப்பிடாததால் கோவையில் ஒரு கிளை கூட மூடாது, இதை ஒத்துக்கொள்வதில் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சாப்பிடாமல் இருக்க யாருடைய அனுமதியும் வேண்டாம், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் எத்தனை பேர் சனிக்கிழமை கவுச்சி தொடமாட்டார்கள், அவர்களிடம் போய் நீங்கள் சாப்பிடாததால் மீன் மார்க்கெட் மூடிவிட்டதா என்று யாராவது கேட்கிறோமா? உங்கள் தட்டு உங்களுடையது. ஆனால் "யாரும் வாங்காதீர்கள்" என்று மற்றவர்களிடம் சொல்ல ஆரம்பித்த நிமிடமே நீங்கள் வேறொரு வேலையில் இறங்கிவிட்டீர்கள், அதற்குப் பொறுப்பு ரொம்ப அதிகம். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்ததில்தான் உங்கள் குழப்பம் பாதி ஆரம்பித்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

என் தட்டு எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன், ஆலோசனை சொல்கிறவரின் நிலை என்ன என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நான் அந்தக் கடைகளுக்குப் போவதில்லை, விலையும் எண்ணெயும் பிடிக்கவில்லை. என் மகள் மாதம் ஒருமுறை தோழிகளோடு போகிறாள், காசு கொடுத்து அனுப்புகிறேன். மதுரையில் பதினேழு வயதுப் பெண்கள் நான்கு பேர் ஒரு ஐஸ்கிரீமை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சிரித்துப் பேச, யாரும் "என்னம்மா, இன்னும் கிளம்பலையா" என்று கேட்காமல், சுத்தமான பாத்ரூமோடு, வேறு எத்தனை இடம் இருக்கிறது? கூப்பிட்டு உட்கார வைக்கிற இடத்துக்குத்தான் பிள்ளைகள் போகிறார்கள். அங்கே போகிறவர்கள் எல்லாரும் விளம்பரத்துக்கு ஏமாந்தவர்கள் என்று நினைத்து எழுதினால் அவர்கள் உங்களைப் படிக்கவே மாட்டார்கள்.

நீங்கள் வெளிநாட்டு பிராண்டை மட்டும் ஏன் குறிவைக்கிறீர்கள் என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். நம் ஊரில் பாஸ்ட் ஃபுட் என்ற போர்டு முக்கால்வாசி எங்கே தொங்குகிறது? சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருமுனையில் அடுப்பைப் பற்றவைத்து, இரும்புச் சட்டியில் சிக்கன் ரைஸும் கோபி மஞ்சூரியனும் போடுகிற கடையில். அங்கே எண்ணெய் எத்தனை தடவை காய்கிறது, சட்டியைப் பிடித்திருக்கும் அசாம் பையனுக்கோ நேபாளப் பையனுக்கோ வார விடுமுறை உண்டா, அவன் எங்கே தூங்குகிறான் என்று நாம் கேட்பதில்லை. நம்மவர் கடை என்பதால் மட்டும் அது நியாயமான கடை ஆகிவிடாது. வெளிநாட்டுப் பெயர் வைத்த கடைகளையும் இங்கே பெரும்பாலும் இந்திய நிறுவனங்கள்தான் உரிமம் வாங்கி நடத்துகின்றன.

கோழிக்கு வருவோம், நீங்கள் கோவைக்காரர், பல்லடம் உங்களுக்கு ஒரு மணி நேர தூரம். நாம் கடையில் வாங்கும் பிராய்லர் பெரும்பாலும் ஒப்பந்த முறையில் வளர்வது: குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்கும். பண்ணை வைத்திருக்கிற விவசாயி தன் ஷெட்டில், தன் கரண்டு செலவில், குடும்பமே ராப்பகலாகப் பார்த்து ஏறக்குறைய நாற்பது நாள் வளர்த்துக் கொடுப்பார், கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வாங்குவார். கோழி கம்பெனியுடையது, சொந்தமாக ஷெட் போட்ட கடன் மட்டும் இவருடையது. அந்தக் கூலியை ஏற்றிக் கொடுக்கச் சொல்லிப் பண்ணையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பக்கெட் சிக்கனை விட்டுவிட்டுத் தெருமுனைச் சில்லி சிக்கனுக்கு மாறினால் இவருக்கு ஒரு பைசா கூடுமா? கோழிக்குத்தான் ஒரு சாண் இடம் கூடுமா? நீங்கள் உண்மையிலேயே கோழிக்காகத்தான் கவலைப்படுகிறீர்கள் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுமதி கேட்டு ஒரு பண்ணைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அதன் பிறகு நீங்கள் எழுதுவது வேறு மாதிரி இருக்கும்.

சரி, எதிர்த்தே ஆக வேண்டும் என்றால் எப்படி எதிர்ப்பது? இரண்டு போராட்டங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1995 ஜூனில் கே.எஃப்.சி. இந்தியாவில் தன் முதல் கடையைப் பெங்களூரில் திறந்தது. பேராசிரியர் நஞ்சுண்டசாமி தலைமையில் இருந்த கர்நாடக ராஜ்ய ரைத்த சங்கம் என்ற விவசாயிகள் சங்கம் ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தது, அந்த விவசாயிகளின் கவலைகள் பொய்யானவை இல்லை, மக்கள் சாப்பிட வேண்டிய தானியம் கோழித் தீவனமாகப் போகிறதே என்று அவர்கள் கேட்டது இன்றைக்கும் நல்ல கேள்வி. மாநகராட்சி அஜினோமோட்டோ அளவு அதிகம் என்று காரணம் சொல்லிக் கடையை மூடப் பார்த்தது, உயர்நீதிமன்றம் தடை கொடுத்தது. 1996 ஜனவரி 30, காந்தி நினைவு நாள், சங்கத்துக்காரர்கள் உள்ளே புகுந்து கடையை உடைத்தார்கள். செய்தி உலகம் முழுக்கப் போனது. கடை மறுபடி திறந்தது. இன்றைக்கு அந்த பிராண்டுக்கு இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேல் கடைகள். தானியத்தைப் பற்றிய அந்த நல்ல கேள்வியை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை, உடைந்த கண்ணாடியைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

மற்றது அமெரிக்காவில், ஃப்ளோரிடாவின் இம்மொகாலி என்ற ஊரில். அங்கே தக்காளி பறிக்கிறவர்கள் மெக்ஸிகோ, குவாத்தமாலா, ஹைட்டியிலிருந்து வந்த ஏழைகள். 32 பவுண்டு, நம் கணக்கில் பதினான்கரைக் கிலோ, பிடிக்கும் ஒரு வாளி நிறையப் பறித்துப் போட்டால் ஏறக்குறைய நாற்பது, நாற்பத்தைந்து சென்ட் கூலி. பண்ணை முதலாளிகளிடம் பேசிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. அப்புறம் அவர்கள் தக்காளி கடைசியில் எங்கே போகிறது என்று தேடினார்கள். மொத்தமாக வாங்கி விலையை அடித்துக் குறைப்பவர்கள் பாஸ்ட் ஃபுட் கம்பெனிகள் என்று புரிந்தது. 2001 ஏப்ரலில் அவற்றில் ஒன்றான டாக்கோ பெல்லைப் புறக்கணியுங்கள் என்று அறிவித்தார்கள். கேட்டது ரொம்பச் சின்ன விஷயம்: பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடுதலாகக் கொடு, அது பறிக்கிறவர் கைக்குப் போக வேண்டும், எங்களை நடத்தும் விதத்துக்கு ஒரு நெறிமுறை போடு. பவுண்டுக்கு ஒரு சென்ட் என்றால் வாளிக்கு 32 சென்ட், கூலி ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிடும்! மாணவர்கள் சேர்ந்துகொண்டார்கள், இருபதுக்கும் மேற்பட்ட கல்லூரி, பள்ளி வளாகங்களிலிருந்து அந்தக் கடையை வெளியேற்றினார்கள் அல்லது வரவிடாமல் செய்தார்கள். 2003இல் கலிஃபோர்னியாவில் கம்பெனித் தலைமையகத்தின் வாசலில் பத்து நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். நான்கு வருடம் ஆனது. 2005 மார்ச்சில் கம்பெனி ஒப்புக்கொண்டது. அன்றைக்கே தொழிலாளர்கள் புறக்கணிப்பை முடித்துக்கொண்டார்கள். 2007இல் மெக்டொனால்ட்ஸ், 2008இல் பர்கர் கிங் என்று ஒவ்வொன்றாக வந்து கையெழுத்துப் போட்டன.

அந்த ஒரு சென்ட்டைத்தான் நான் உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். கம்பெனிக்கு என்ன செய்தால் புறக்கணிப்பு முடியும் என்று தெரிந்திருந்தது. சாப்பிடுகிறவருக்குத் தான் எதற்காகச் சாப்பிடாமல் இருக்கிறோம் என்று தெரிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, அதைக் கேட்டவர்கள் வெயிலில் நின்று பறித்தவர்கள், அவர்களுக்காக வேறு யாரோ ஊகித்துப் பேசவில்லை. உங்கள் "அங்கே வாங்காதீர்கள்" என்பதில் இது எதுவும் இல்லையே. நாளைக்கே அந்தக் கடை மேனேஜர் உங்கள் வீட்டு வாசலில் வந்து, "சரிம்மா, நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்? "கடையை மூடு" என்பீர்களா? அப்படிச் சொன்னால் உங்கள் தம்பிக்கு வேலை போகும், அவனோடு வேலை பார்க்கும் பையன்களுக்கும் போகும், அவன் உங்களோடு பேசாமல் இருப்பதற்கு அவமானம் மட்டும் காரணமாக இருக்காது.

நீங்கள் கேட்கக்கூடியவை நம் சட்டத்திலேயே நிறைய இருக்கின்றன. பத்துக் கிளைகளும் அதற்கு மேலும் உள்ள உணவகங்கள் மெனுவிலேயே ஒவ்வொரு பண்டத்துக்கும் கலோரி அளவைப் போட வேண்டும் என்பது விதி. உங்கள் ஊர்க் கடையில் அது கண்ணுக்குத் தெரிகிறபடி இருக்கிறதா, எறும்பு எழுத்தில் ஓரத்தில் இருக்கிறதா? குழந்தைகளுக்கான விளம்பரம்தான் உங்களை உறுத்துகிறது என்றால், உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் கொண்டுவந்த விதிகளைப் பாருங்கள்: கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் அதிகமுள்ள பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது, விளம்பரமும் வைக்கக்கூடாது. உங்கள் தெருவிலிருந்து பக்கத்துப் பள்ளி வரைக்கும் ஒருமுறை நடந்து பார்த்தாலே போதும், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுத விஷயம் கிடைத்துவிடும். அதில் பிராண்டு கடை, பெட்டிக்கடை என்று பார்க்காதீர்கள், எது விதியை மீறுகிறதோ அதை எழுதுங்கள். போட்டோவை நீங்களே எடுங்கள், தேதியும் இடமும் குறித்து வையுங்கள்.

உண்மையிலேயே கெட்டுப்போனது கிடைத்தால் என்ன செய்வது என்றும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் பில் இல்லாமல் என்னிடம் வந்து நின்றவர்களைப் பார்த்துப் பார்த்து மனது கஷ்டப்பட்டிருக்கிறது. பிள்ளை வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான், அப்பா கையில் மருத்துவமனைச் சீட்டு இருந்தது, கடை பில்லைக் குப்பையில் போட்டுவிட்டார். அங்கே வாங்கியதை நிரூபிக்க ஒன்றுமில்லை, கடைக்காரர் நீங்கள் என் கடைக்கே வரவில்லை என்றார். பில்லை வையுங்கள், அதில் உணவு உரிமத்தின் பதினான்கு இலக்க எண் இருக்க வேண்டும், மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், டாக்டரிடம் என்ன சாப்பிட்டோம் என்று சொல்லி எழுதி வாங்குங்கள், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, நீங்களே பேசலாம்.

இப்போது தம்பி. மூன்று புகாரில் சம்பளமும் ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடையில் மணிக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள், ஷிஃப்ட் முடிந்து கடையைக் கழுவித் துடைக்கும் நேரத்துக்குக் காசு உண்டா, ராத்திரி பதினொன்றரைக்கு எப்படி வீட்டுக்கு வருகிறான், தப்பாகப் போன ஆர்டருக்கு யார் கையிலிருந்து பிடிக்கிறார்கள், இதில் ஏதாவது ஒன்று உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஜவுளிக்கடைகளில் பெண்கள் பத்து மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்ப்பதை நாமெல்லாம் வாடிக்கையாளராக எத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருந்தோம், ஒரு நாற்காலி கேட்கத் தோன்றவில்லை. கேரளத்தில் அந்தப் பெண்களே கேட்டுப் போராடி 2018இல் சட்டம் வந்தது, 2021இல் தமிழ்நாடும் கடைகளுக்கான சட்டத்தைத் திருத்தி உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்றது. உள்ளே நிற்கிறவர்களுக்குத்தான் எது வலிக்கிறது என்று தெரியும்.

அவனிடம் போய் "நீ அந்த வேலையை விட்டுடு" என்று சொல்லாதீர்கள். தன் ஃபீஸைத் தானே கட்ட நினைக்கிற பையன், அக்காவின் பணம் வேண்டாம் என்று சொல்கிற பையன், அவனுக்கு அந்த வேலையில் ஒரு மரியாதை இருக்கிறது, அதைத்தான் லிஃப்டில் வைத்து யாரோ கிள்ளிவிட்டார்கள். மன்னிப்பும் ஒரே மூச்சில் விளக்கமும் வேண்டாம், "நான் போட்ட படம் தப்பு, குழுவிலேயே எழுதிட்டேன்" என்று மட்டும் சொல்லிப் போனில் காட்டுங்கள். அப்புறம் ஒரு நாள் ராத்திரி அவன் ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போங்கள். நீங்கள் உள்ளே போய் எதுவும் வாங்க வேண்டாம், உங்கள் முடிவு உங்களோடு இருக்கட்டும். அவனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வரும்போது, இன்றைக்கு எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய் என்று கேளுங்கள். அவன் பேச ஆரம்பித்து, கேட்க வேண்டிய விஷயம் ஏதாவது அதில் இருந்தால், அதை யார் பெயரில், எப்படிக் கேட்பது என்று அவனே சொல்லட்டும். அவன் பெயர் வெளியே வராமல் தொழிலாளர் துறைக்கு எழுத வழி இருக்கிறது, அந்த நிலை வந்தால் எனக்கு எழுதுங்கள், மனுவை நான் எழுதித் தருகிறேன்.